எளியோர் தந்த காலணா: பண்டிதர் அயோத்திதாசரும் தங்கவயல் மக்களும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில், பங்காரப்பேட்டையிலிருந்து பிரிந்து மாரிக்குப்பத்தில் முடியும் சிறிய இரயில் பாதை ஒன்று உண்டு. அப்பாதையில் உள்ள நிலையங்களுள் ஒன்று ஊரிகம். தங்கம் விளைந்த பூமி என்று உலகம் அறிந்த கோலார் தங்கவயலின் ஒரு பகுதி அது. 1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு பொறுப்பேற்ற பின், மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்னும் சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஆழமாக இறங்கிச் சென்றன. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் நெடுந்தொலைவு கடந்து இச்சுரங்கங்களை வந்தடைந்தது. இந்தியப் பெருநகரங்கள் பலவும் மின்விளக்கைக் காணாத காலம் அது.

அந்த ஆழத்தில் உளியும் சம்மட்டியும் பிடித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் சேரிகளிலிருந்து, உழுவதற்குச் சொந்த நிலமின்றி, பஞ்சத்தாலும் தீண்டாமையாலும் விரட்டப்பட்டுப் புறப்பட்டு வந்தவர்கள். தகரக் கூரையும் மூங்கில் தட்டியும் கொண்ட 'லைன்' வீடுகளில் வாழ்ந்தார்கள். பாறை வெடித்துச் சரிந்து மாண்டவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மெல்ல மூச்சிழந்தவர்கள் அவர்களினும் மிகுதி. தங்கத்தை வெட்டியெடுத்த இவர்கள், வேலை முடிந்து மேலே ஏறி வரும்போது ஆடைகளை உதறிக் காட்டிச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே வீடு திரும்ப இயலும்.

இத்தகைய மக்களுக்கு உலகம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி பலமுறை கேட்கப்பட்டிருக்கிறது. இவர்கள் உலகுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. அதற்கான விடை ஒன்று சென்னை இராயப்பேட்டையில் வாழ்ந்த ஒரு சித்த மருத்துவரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அவரே பண்டிதர் க. அயோத்திதாசர்.

சமையற்கட்டில் காத்த சுவடி

1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் கந்தசாமி என்பவரின் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். அக்குடும்பத்தில் தலைமுறைகளாகப் போற்றப்பட்ட ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறளும் நாலடி நானூறும் அடங்கிய சுவடிகளைக் கந்தப்பன் தம் எசமானரிடம் தந்தார் என்றும், அவை தமிழ்ப் பற்றுமிக்க எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று சேர்ந்தன என்றும் பின்னாளில் பேரர் பதிவு செய்திருக்கிறார். அச்சேறிய தமிழ் நூல்களின் வரலாறு புலவர் பெயர்களையும் துரைமார் பெயர்களையும் தவறாமல் சொல்கிறது. அடுப்படியில் நின்று உழைத்த ஒருவர் பெயர் அதில் இடம்பெறுவது அபூர்வம். கந்தப்பனின் பெயரும் பேரர் எழுதாதிருந்தால் மறைந்தே போயிருக்கும்.

காத்தவராயன் தமிழும் வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் கற்றார். சித்த மருத்துவமும் அவருக்கு வாய்த்தது. தமக்குக் கல்வி புகட்டிய வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராச பண்டிதரிடம் கொண்ட பக்தியால், தம் பெயரைக் களைந்து குருவின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அன்று முதல் அவர் அயோத்திதாசர்.

இளமையின் பெரும்பகுதியை நீலகிரியில் கழித்த அவர், 1870-களில் அங்கே அத்வைதானந்த சபை என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அனைத்துயிரும் ஒன்றே எனக் கூறும் தத்துவம் அவர் உள்ளத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஓர் இளைஞருக்கு அந்தத் தத்துவம் வெறும் வாதப் பொருளாக இருந்திருக்க இயலாது. ஏட்டில் உள்ள ஒருமை தெருவில் ஏன் இல்லை என்பதே அவரை வாழ்நாள் முழுவதும் உறங்கவிடாமல் செய்த வினா.

கதவு திறக்கவில்லை

1885-இல் அருட்திரு ஜான் இரத்தினம் அவர்களோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' என்னும் இதழில் ஈடுபட்டார். 1891-இல் திராவிட மகாஜன சபை உருவாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் அச்சபையின் மாநாடு கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. பிள்ளைகளுக்குப் பள்ளிகள், மேற்படிப்புக்கு உதவித்தொகை, பொதுக் கிணறு குளங்களில் தடையின்றி நீர் எடுக்கும் உரிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். இன்று படிக்கும்போது இவை மிக எளிய வேண்டுகோள்களாகத் தோன்றும். குடிநீருக்காக மாநாடு கூட்ட வேண்டியிருந்தது என்பதே அக்காலத்தின் நிலையைக் காட்டப் போதுமானது.

அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னையில் மகாஜன சபையின் மாநாடு நடைபெற்றது. நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் அதில் கலந்துகொண்டார். சிவாலயங்களிலும் விஷ்ணு ஆலயங்களிலும் தம் மக்கள் சென்று வழிபட அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். அவையில் பலத்த எதிர்ப்பு எழுந்தது, கோரிக்கை மறுக்கப்பட்டது. அங்ஙனமாயின் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்விக்கும், தரிசு நிலம் வழங்கவுமாவது வழி செய்யுங்கள் என்று அவர் கேட்டார். அவ்விரண்டும் ஏற்கப்பட்டன. அந்நிகழ்ச்சியை அவர் பல ஆண்டுகளுக்குப் பின்னும் மறவாமல் எழுதினார். சோறும் நிலமும் தர இசைந்தவர்கள் சமமாக நிற்க இடம்தர மறுத்தனர் என்ற வடு அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய இலவசப் பாடசாலை, அயோத்திதாசரையும் ஆல்காட்டையும் நெருங்கச் செய்தது. 1898-இல் ஆல்காட் துணையுடன் இலங்கைக்குச் சென்ற அவர், கிருஷ்ணசாமி என்னும் ஆசிரியருடன் சேர்ந்து, கொழும்பில் ஹிக்கடுவே சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்ததும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பௌத்தம் தம் முன்னோரின் பழைய சமயம் என்பதும், சாதிப் பிரிவுகள் பின்னர் வந்து சுமத்தப்பட்டவை என்பதும் அவர் கொண்ட முடிவு. அதற்கு அவர் காட்டிய சொல்லாராய்ச்சிகளையும் வரலாற்றுச் சான்றுகளையும் அறிஞர் அனைவரும் ஏற்பதில்லை. எனினும், தாழ்ந்தவர்கள் என்று தம்மையே நம்பத் தொடங்கிவிட்ட மக்களுக்கு அவர் கூறிய வரலாறு முதுகை நிமிர்த்தியது என்பதை மறுப்பாரில்லை.

மருத்துவரின் திண்ணை

சங்கம் ஒருபுறம் இருக்க, இராயப்பேட்டையில் அவர் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்தது சித்த மருத்துவமே. வறியவர் செல்வர் என்னும் வேற்றுமையின்றி நோயாளிகள் அவரை நாடி வந்தனர். அவர்களுள் ஒரு சிறுவன் கைகால் முடங்கிப் பள்ளிப் படிப்பையே நிறுத்தியிருந்தவன். பண்டிதரின் மருந்தால் அவன் மீண்டும் எழுந்து நடந்தான். அச்சிறுவனே பிற்காலத்தில் தமிழ்த்தென்றல் எனப் போற்றப்பட்ட திரு.வி. கலியாணசுந்தரனார். வளர்ந்த பின்பு அவர் பௌத்த சங்கக் கூட்டங்களுக்குச் சென்று பண்டிதரோடு மாறுபட்டு வாதிட்டதும் உண்டு. தமக்கு நலம் தந்தவரைத் தாம் எதிர்த்து நின்றதையும், பின்னர் பௌத்தத்தின் பெருமையை உணர்ந்ததையும் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் திரு.வி.க. ஒளிவு மறைவின்றி எழுதி வைத்தார். வாதத்தில் எதிர்நின்றவரின் நினைவிலும் பண்டிதர் நன்றியோடு வாழ்ந்தார் என்பது அவருடைய மருத்துவத்துக்குக் கிடைத்த பெருங்கூலி.

ஒரு பைசாத் தமிழன்

1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கங்கள் கொண்ட வார இதழ் ஒன்று வெளிவந்தது. அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயரில் அமைந்திருந்தது. அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு நான்கு பைசா. எனவே ஒரு பைசா என்பது காலணா. கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடிய விலை. ஓராண்டு கழிந்தபின், 1908 ஆகஸ்டு 26 முதல், வாசகர்களின் விருப்பத்துக்கிணங்க இதழ் 'தமிழன்' என்றே பெயர் பெற்றது.

அதில் அரசியல் இருந்தது. சமய விசாரணை இருந்தது. வாசகர்களின் வினாக்களும் பண்டிதரின் விடைகளும் இருந்தன. மருத்துவக் குறிப்புகள் இருந்தன. 'இந்திரர் தேச சரித்திரம்', புத்தர் வாழ்வையும் வாக்கையும் கூறும் 'ஆதிவேதம்' ஆகியவை அவர் எழுத்தில் குறிப்பிடத்தக்கவை. திருக்குறளுக்கும் உரை எழுதத் தொடங்கினார். பெருஞ்செல்வர்களின் ஆதரவில் நடந்த ஏடன்று அது. அரசின் தவறுகளையும் சுதேசித் தலைவர்களின் முரண்பாடுகளையும் ஒருசேரச் சுட்டிய ஓர் ஏட்டை எந்தச் செல்வர் தாங்கிப் பிடிப்பார்?

தாங்கிப் பிடித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

சுரங்கத்திலிருந்து வந்த துணை

தங்கவயலில் அப்போது 25,000-க்கும் மேற்பட்டோர் சுரங்க வேலையில் இருந்தனர். கிராமத்தை விட்டு வந்ததில் அவர்கள் இழந்தவை பல. பெற்றது ஒன்று உண்டு. மாதந்தோறும் கையில் ரொக்கக் கூலி. மிகக் குறைந்ததுதான், கடன்காரனுக்கும் கடைக்காரனுக்கும் போக எஞ்சுவதும் சொற்பமே. ஆயினும் ஆண்டையின் களத்துமேட்டில் கையேந்திப் பெறும் நெல்லுக்கும், தன் உழைப்பின் பெயரால் எண்ணி வாங்கும் காசுக்கும் வேறுபாடு உண்டு. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றிருப்பவனே பிறருக்கு அதைத் தர இயலும்.

அந்தக் காசின் ஒரு பங்கு 'தமிழ'னுக்குச் சந்தாவாகச் சென்றது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கத்தின் கிளை தோன்றியது. எம்.ஒய். முருகேசர் அதன் முன்னோடிகளுள் தலையானவர். பின்னர் சாம்பியன் ரீஃப் பகுதியிலும் கிளை அமைந்தது, ஈ. குருசாமி அங்கே முன்னின்று உழைத்தார். ஊரிகமும் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் வரைபடத்தில் தனித்தனிப் பெயர்கள்; அங்கே வாழ்ந்தவர்களுக்கோ நடந்தே சென்று வரும் தொலைவில் அமைந்த ஒரே ஊர். ஓர் இடத்தில் சொற்பொழிவு என்றால் மற்ற லைன்களிலிருந்து மக்கள் வந்து சேர்வதில் அருமை ஒன்றுமில்லை.

இதழுக்கெனச் சொந்த அச்சுப்பொறி அமைந்தபோது தங்கவயல் அன்பர்களின் பொருளுதவி அதற்குப் பெருந்துணையாக நின்றது. இச்செய்தியைச் சற்று நின்று நினைத்துப் பார்ப்பது தகும். நன்கொடையாளர் பட்டியல் என்றவுடன் ஜமீன்தார்களும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் நினைவுக்கு வரும் காலம் அது. இங்கே கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், வெப்பத்திலும் புழுக்கத்திலும் பாறை குடைந்தவர்கள். அவர்களில் எழுத்தறியாதவர் எத்தனையோ பேர். தாம் படிக்க இயலாத ஓர் ஏடு அச்சாக வேண்டும் என்பதற்காகக் கூலியிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தவர்களின் மனநிலையைச் செல்வத்தால் அளக்க முடியாது. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றியிருப்போர் கேட்பது அக்காலத் தொழிலாளர் குடியிருப்புகளில் வழக்கம். பிள்ளை படித்துவிட்டால் வீட்டிலேயே ஏடு ஒலிக்கும். அந்தப் பிள்ளைக்காகவே பலரும் கொடுத்தனர் எனலாம்.

பௌத்த மரபில் ஒரு கதை வழங்குகிறது. மன்னர் ஏற்றிய ஆயிரம் விளக்குகள் அணைந்த பின்னும், பிச்சையெடுத்த காசில் எண்ணெய் வாங்கி ஓர் ஏழைப் பெண் ஏற்றிய அகல் மட்டும் அணையாமல் எரிந்தது என்பது அது. சங்கக் கூட்டங்களில் இக்கதையைக் கேட்க நேர்ந்தவர்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது.

கொடுத்தல் காசோடு நின்றுவிடவில்லை. சங்கத்தின் பணிகள் அனைத்தும், வாராந்தரக் கூட்டம் முதல் பிள்ளைகளின் கல்வி வரை, தொழிலாளரின் ஓய்வு நேரத்தால் நடந்தவை. எட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பூமிக்கடியில் உழைத்து வந்த உடல், மாலையில் நாற்காலி சுமந்து பந்தல் போட்டது. திருமணமும் இறுதிச் சடங்கும் சங்கத்தின் முறைப்படி, பெருஞ்செலவின்றி நடத்தப்பெற்றன. சாவு எந்த நாளும் சுரங்கத்தின் வாயிலில் காத்திருந்த ஓர் ஊரில், ஒரு வீட்டின் துக்கத்தை நாலு வீடுகள் பங்கிட்டுக் கொள்வது மிகப் பெரிய உதவி.

தங்கவயலைப் போலவே, பிழைப்புத் தேடித் தமிழர் சென்ற பிற இடங்களிலும் 'தமிழன்' படிக்கப்பட்டது. பெங்களூர், ஹூப்ளி, செகந்தராபாத், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆகிய இடங்களில் வாசகர்களும் அன்பர்களும் இருந்தனர். இவர்களில் பலரும் கூலிகள், பட்லர்கள், இராணுவச் சேவகர்கள். காலணா ஏடு ஒன்று இவ்வளவு தொலைவைத் தொட்டது.

கொடுத்தவர்களுக்கு இதழ் திருப்பித் தந்தது என்ன? வினா எழுப்பும் உரிமையை முதலாவதாகச் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் மாரிக்குப்பத்திலிருந்து வினா எழுதினால், பண்டிதர் அதை அச்சிட்டு, மதித்து, விரிவாக விடையளித்தார். ஊரில் நிமிர்ந்து பேசக்கூடாது என்று பழக்கப்பட்ட ஒருவர், தம் பெயரும் ஊரும் அச்செழுத்தில் வந்திருப்பதைக் காண்கிறார். 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, இழிவான பெயர்களை ஏற்காமல் பௌத்தர் என்று பதிவு செய்யுமாறு 'தமிழன்' வற்புறுத்தியது. தம் பெயரைத் தாமே சொல்லும் துணிவு அவ்வாறு வளர்ந்தது.

பண்டிதருக்குப் பின்

1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் அயோத்திதாசர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 68. இன்னும் 15 நாள்களில் 69 நிறைந்திருக்கும். திருக்குறள் உரை முற்றுப்பெறவில்லை. மகன் பட்டாபிராமன் இதழைச் சில காலம் நடத்தினார். பின்னர் அது நின்றது. இராயப்பேட்டையில் ஏற்றிய சுடர் அணைந்துவிட்டதாகவே பலரும் எண்ணியிருக்கக் கூடும்.

1926-இல் 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது. இம்முறை சென்னையிலிருந்து அன்று, கோலார் தங்கவயலிலிருந்து. ஆசிரியர் பண்டிதர் ஜி. அப்பாதுரையார். காலணா கொடுத்து ஏட்டை வாங்கியவர்கள், ஏட்டையே நடத்துகிறவர்களாக உயர்ந்திருந்தார்கள். 1930-களிலும் அது தொடர்ந்தது. தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மீண்டும் மீண்டும் பதிப்பித்து, ஏழைகளின் கைக்கு எட்டும் வகையில் பரப்பியது. தமிழகத்தின் அறிவுலகம் அயோத்திதாசர் என்ற பெயரையே ஏறக்குறைய மறந்திருந்த நெடிய ஆண்டுகளில், தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த ஓர் ஊர் அவரை மறவாமல் இருந்தது. கற்றோர் செய்யத் தவறியதைக் கல்லுடைத்தோர் செய்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

எளிய மக்களிடையே பணிபுரிந்த அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய 'தமிழன்' இதழ்களை அரும்பாடுபட்டுச் சேர்த்துக் காத்தனர். அவ்விதழ்களைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து இரு தொகுதிகளாக வெளிவந்தன. அடுத்த சில ஆண்டுகளில் மூன்றாம் தொகுதியும் வந்தது. 2005-இல் இந்திய அரசு பண்டிதரின் அஞ்சல் தலையை வெளியிட்டது. சென்னையை அடுத்த தாம்பரத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023 டிசம்பர் முதல் நாள், சென்னை கிண்டியில் தமிழக அரசு அமைத்த அவரது மணிமண்டபம் திறக்கப்பட்டது. 1891-இல் அதே நாளில்தான் நீலகிரியில் அந்தப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின.

இவற்றில் பலவும் நிகழும் முன்பே தங்கவயலின் கதை வேறு விதமாகத் திரும்பிவிட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய வழிகளில் நீர் நிறைந்தது. சயனைடு கலந்த மண் மேடுகள் மட்டும் குன்றுகளாய் எஞ்சின. பணியிழந்தவர்களின் பிள்ளைகள் இன்று விடியற்காலையில் ஊரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அவர்களுள் பலர், பாட்டன்மார் காலணா சேர்த்து நடத்திய ஏட்டைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள்.